மழை விட்ட மறுநாள்தான் மண்ணுக்கு ஆபத்து: ஈரமும் இயந்திரச் சக்கரமும்

நுவரெலியாவுக்குக் கிட்ட, கந்தப்பளைப் பக்கம் மரக்கறி செய்கிறவர்களிடம் "மண் எப்போது இறுகும்?" என்று கேட்டால் இரண்டு விதமான பதில் வரும். "காஞ்சா இறுகும் தம்பி, தண்ணி விட்டா தானா இளகிரும்" என்பார் ஒருவர். "சேத்துக்குள்ள மெசின எறக்குனாத்தான் கேடு. மழ விட்டு ரெண்டு நாள் போச்சுன்னா பயமில்ல" என்பார் இன்னொருவர். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதனால்தான் இரண்டும் இத்தனை காலம் நிலைத்திருக்கின்றன.

இரண்டாவது பதிலை நம்பித்தான் நாங்கள் ஒரு கரட் போகத்தைப் பறிகொடுத்தோம். ஐப்பசி மழை விட்டு இரண்டாம் நாள். மேல்மண் வெளிறிக் காய்ந்திருந்தது, செருப்பில் ஒட்டவில்லை. வாடகை லேண்ட்மாஸ்டர், அதாவது கையால் பிடித்து ஓட்டும் இரண்டு சக்கர ட்ரக்டர், அன்றைக்குத்தான் எங்கள் முறைக்கு வந்தது. விட்டால் இன்னும் பத்து நாள் காத்திருக்க வேண்டும். இறக்கினோம். புரண்டு விழுந்த கட்டிகளின் அடிப்பக்கம் கத்தியால் வெட்டிய கித்துள் கருப்பட்டி மாதிரி பளபளத்தது. அந்தப் பளபளப்பைப் பார்த்து சந்தோஷப்பட்டோம். மூன்று மாதம் கழித்துக் கிளறினால் கிழங்கெல்லாம் நாலு விரல் ஆழத்துக்கு நேராக இறங்கி, அதற்குக் கீழே கவட்டை கவட்டையாகப் பிரிந்திருந்தது. கல்லும் பச்சை எருவும் கூட கரட்டைக் கவட்டையாக்கும். ஆனால் அப்படி நடந்தால் ஒவ்வொரு கிழங்கும் ஒவ்வோர் ஆழத்தில் பிரியும். எங்களுடையது எல்லாம் ஒரே ஆழத்தில் பிரிந்திருந்தது.

அந்த ஆழத்தில் என்ன நடந்தது என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப்போகிறேன்.

ரொட்டி மாவிலிருந்து தொடங்குவோம்

ஒரு கிண்ணத்தில் காய்ந்த கோதுமை மாவைப் போட்டு உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். கொஞ்சம் அடங்கும். கிண்ணத்தைத் தட்டினால் மறுபடி உதிரியாகிவிடும்.

இப்போது புட்டுக்குத் தெளிப்பது போல தண்ணீர் தெளித்துப் பிசறிவிட்டு, ஒரு பிடி எடுத்து இறுக்குங்கள். விரல் ரேகை பதியும் அளவுக்குக் கெட்டியான உருண்டை கிடைக்கும். கையைத் திறந்தாலும் அது பழைய உதிரிக்குத் திரும்பாது. இன்னும் பிசைந்தால் உள்ளே காற்றே இல்லாத ரொட்டி மாவாகிவிடும்.

இன்னும் தண்ணீரை ஊற்றித் தோசை மாவாகக் கரைத்துவிட்டு அழுத்தினால்? விரல் இடுக்கு வழியாக வழிந்து ஓடும். எவ்வளவு அழுத்தினாலும் அதன் அளவு குறையாது.

காய்ந்ததும் அழுத்தத்துக்குப் பெரிதாக அடங்கவில்லை, கரைத்ததும் அடங்கவில்லை. நடுவில் இருந்த ஈரமாவுதான் முழுசாக அடங்கி, அப்படியே நின்றுவிட்டது. மண்ணும் இதே மாதிரிதான்.

இதை நம்மை விட நன்றாகத் தெரிந்துவைத்திருப்பவர்கள் வீதி போடுகிறவர்கள். ஹட்டன் வீதியோ வெலிமடை வீதியோ, அகலப்படுத்தும் வேலை நடக்கும்போது கவனித்திருப்பீர்கள். ரோலர் வருவதற்கு முன்னால் பவுசர் வந்து மண்ணில் தண்ணீர் தெளிக்கும். புழுதி அடங்குவதற்காக மட்டும் தெளிக்கிறார்கள் என்று சிறுவயதில் நினைத்திருந்தேன். உண்மையில் அந்த ஈரம் இல்லாவிட்டால் ரோலர் எத்தனை தடவை ஓடினாலும் மண் நன்றாக இறுகாது. 1933ல் கலிபோர்னியாவில் மண் அணைகள் கட்டும் வேலையில் இருந்த ப்ரொக்டர் என்ற பொறியியலாளர் இதை அளந்து காட்டினார். ஒவ்வொரு மண்ணுக்கும், ஒரே அளவு அடி விழுந்தாலும் மிக அதிகமாக இறுகும் ஈரநிலை ஒன்று உண்டு. அதற்குக் கீழே போனாலும் மேலே போனாலும் இறுக்கம் குறையும். வீதிப் பொறியியலாளர்கள் இன்றைக்கும் அவர் பெயரிலுள்ள சோதனையைச் செய்துதான் எவ்வளவு தண்ணீர் தெளிப்பது என்று முடிவெடுக்கிறார்கள்.

வீதிக்காரர் தேடிப்போகிற அந்த ஈரம் நம்முடைய நிலத்தில் தானாகவே வந்து நிற்கும் நாள் ஒன்று உண்டு. அன்றைக்குத்தான் நாம் மெசினை இறக்குகிறோம்.

மண்ணில் பாதி வெற்றிடம்

நல்ல மரக்கறி மண்ணை ஒரு பேணி நிறைய அள்ளினால், அதில் ஏறக்குறைய பாதிதான் மண். மீதிப் பாதி மணிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி. காற்றும் தண்ணீரும் அங்கேதான் குடியிருக்கின்றன, வேரும் அதற்குள்தான் நுழைகிறது.

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். மண்ணில் இருக்கும் கனிம மணிகள் இடைவெளியே இல்லாமல் ஒட்டிக்கொண்டால் ஒரு கன சென்ரிமீற்றர் கிட்டத்தட்ட 2.65 கிராம் நிறை இருக்கும். ஆனால் நிலத்திலிருந்து குலையாமல் வெட்டியெடுத்து உலர்த்திய மண்ணின் ஒரு கன சென்ரிமீற்றர் 1.3 கிராம்தான் வரும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அதில் பாதிக்கு மேல் வெற்றிடம். இந்த நிறைக்குத் தோற்ற அடர்த்தி என்று பெயர். அதே மண் இறுகி 1.6 கிராமுக்குப் போனால் வெற்றிடம் 40 சதவீதமாகக் குறைந்துவிடும். மண் இறுக்கம் என்பது இதுதான்: மேலிருந்து வரும் பாரத்தால் இடைவெளி நசுங்கிப்போவது.

"50 போய் 40 ஆச்சு, அதுக்கா இவ்வளவு?" என்று தோன்றலாம். எந்த இடைவெளி போனது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மண்ணில் பெரிய இடைவெளிகளும் உண்டு, கண்ணுக்கே தெரியாத நுண்ணிய இடைவெளிகளும் உண்டு. நசுங்குவது பெரும்பாலும் பெரியவைதான். ஒரு லயத்தில் காம்பராக்கள் எல்லாம் அப்படியே இருக்க, வாசலுக்கு முன்னால் நீளமாகப் போகும் பாதையை மட்டும் அடைத்துவிட்டதாக நினைத்துப் பாருங்கள். இடம் அதிகம் குறையவில்லை, ஆனால் யாரும் உள்ளே போகவும் முடியாது, வெளியே வரவும் முடியாது. பெரிய இடைவெளி போன மண்ணில் மழைத்தண்ணீர் கீழே இறங்காமல் மேலோடு ஓடும். வேருக்குக் காற்று கிடைக்காது. தண்ணீர் நின்று கிழங்கு அழுகும். ஓடுகிற தண்ணீர் மேல்மண்ணையும் கூட்டிக்கொண்டுதான் ஓடும். வெலிமடைச் சரிவுகளில் கழுவப்படும் மண் உமா ஓயா வழியாக ரன்தம்பை நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. நம்முடைய எரு, நம்முடைய பசளை எல்லாம் அதோடுதான் போகிறது.

முதல் பதிலைச் சொன்னவருக்கு இங்கே மறுமொழி சொல்லிவிடலாம். காய்ந்த மண் கடினமாக இருக்கும், ஆனால் கடினம் வேறு, இறுக்கம் வேறு. இடைவெளி நிறைய உள்ள மண்ணும் காய்ந்தால் மம்பட்டிக்கு மசியாது. தண்ணீர் பட்டதும் இளகிவிடும். இறுகிய மண்ணும் தண்ணீர் பட்டால் மெத்தென்று ஆகும், ஆனால் போன இடைவெளி திரும்பாது. மண்வெட்டிக்கு அது இளகிய மண் போலத் தெரியும். வேருக்கும் தண்ணீருக்கும் கதவு சாத்தியேதான் இருக்கும்.

தண்ணீர் மூன்று வேலை செய்கிறது

மண் மிகவும் காய்ந்திருக்கும்போது, மணிகளுக்கு நடுவே கொஞ்சநஞ்சம் மிஞ்சியிருக்கும் தண்ணீர் மெல்லிய ஏடாக நின்று மணிகளை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கும். ஈரத் தரையில் கவிழ்த்த தட்டு தூக்க வராமல் ஒட்டிக்கொள்வதும் இந்த வகைப் பிடிப்புத்தான். மணிகள் நகர மறுக்கின்றன. மேலே சக்கரம் ஏறினாலும் மண் தாங்கிக்கொள்கிறது.

தண்ணீர் கூடும்போது ஏடு தடிக்கும், பிடிப்புத் தளரும். இப்போது அதே தண்ணீர் எண்ணெய் மாதிரி வேலை செய்யும். மணிகள் வழுக்கி, பக்கத்தில் இருக்கும் காற்றிடத்துக்குள் போய் உட்கார்ந்துவிடும். வழுக்குவதற்குத் தண்ணீரும் இருக்கிறது, போய் உட்காருவதற்குக் காலி இடமும் இருக்கிறது. அதனால்தான் இந்த நிலையில் மண் மிக அதிகமாக இறுகுகிறது.

மேலும் தண்ணீர் கூடி இடைவெளி எல்லாம் நிரம்பிவிட்டால், மணி போய் உட்காரக் காலி இடம் இல்லை. தண்ணீரை நசுக்க முடியாது. சக்கரம் கடந்துபோகும் ஓரிரு கணத்தில் அது ஓடி ஒதுங்கவும் முடியாது. ஆகவே மண் அடங்காமல் பக்கவாட்டில் பிதுங்கும், சக்கரம் புதையும், சறுக்கும். இது வேறு வகைக் கேடு. சிறுசிறு பருக்கைகளாகத் திரண்டிருந்த மண் உடைந்து களியாகி, சாந்து பூசிய சுவர் மாதிரி மழமழவென்று அடைபடும். சேறு பாதுகாப்பானது என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் சேற்றில் யாரும் விரும்பி மெசினை இறக்குவதில்லை, கண்ணே தடுத்துவிடும். நடு ஈரம் கண்ணை ஏமாற்றிவிடும்.

அந்த நடு ஈரம் எப்போது வரும்? பெருமழை விட்ட பிறகு பெரிய இடைவெளிகளில் இருக்கும் தண்ணீர் தன் பாரத்தாலேயே கீழே வடியும். வடிகிற அளவு வடிந்து, சிறிய இடைவெளிகளில் மட்டும் தண்ணீர் தங்கி நிற்கும் நிலைக்கு வயற்கொள்ளளவு என்று பெயர். பொதுவாக மழை விட்டு ஒன்று முதல் மூன்று நாளில் மண் இந்த நிலைக்கு வரும். பயிருக்கு இதைவிடச் சுகமான நிலை கிடையாது. சக்கரத்துக்கு இதைவிட மோசமான நிலையும் கிடையாது. பெரிய இடைவெளிகள் காலியாகி இருக்கின்றன, மணிகள் ஈரத்தில் தளர்ந்து இருக்கின்றன, மேலே இரண்டு விரல் மண் காற்றில் உலர்ந்து "நான் தயார்" என்று சொல்கிறது. போதாக்குறைக்கு, ஈரமண்ணில் பாரம் அதிக ஆழத்துக்கும் இறங்கும். காய்ந்த மண்ணில் மேலேயே தாங்கிக்கொள்ளப்படும் அழுத்தம், ஈரமண்ணில் வேர்ப்படுகை வரைக்கும் போய்ச்சேரும்.

சுருக்கமாக: காய்ந்த மண் சக்கரத்தைத் தாங்கும், நடு ஈரமண் அடங்கி இறுகும், சேற்று மண் இறுகாமல் களியாகிக் குலையும்.

மலையகத்தில் நாள்காட்டியை நம்ப முடியாது

சமவெளியில் வெயில் இரண்டு நாளில் செய்யும் வேலையை இங்கே செய்யாது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேல் இருக்கிறது. குளிரும் மூடுபனியும் சேர்ந்து மண்ணிலிருந்து ஆவி போவதைத் தடுக்கின்றன. வடிவது வடிந்துவிடும், உலர்வதுதான் நடக்காது. ஆகவே மண் அந்த ஆபத்தான நடு ஈரத்தில் நாட்கணக்காக அப்படியே நிற்கும்.

அதே நேரம், ஜூலை மாதத்தில் ஹட்டன், தலவாக்கலை பக்கம் தென்மேற்குப் பருவமழையில் நனைந்துகொண்டிருக்க, மலைக்கு அந்தப் பக்கம் வெலிமடையிலும் பண்டாரவளையிலும் கச்சான் காற்று மண்ணை உலர்த்திக்கொண்டிருக்கும். "ரெண்டு நாள் கழிச்சு இறக்கலாம்" என்ற ஒரே விதி இரண்டு இடத்துக்கும் எப்படிப் பொருந்தும்? ஒரே தோட்டத்திலும் மேட்டுத் தட்டு உலர்ந்திருக்க, கானுக்குப் பக்கத்துக் கீழ்த் தட்டு ஊறிக்கொண்டிருக்கும்.

சரிவு இன்னொரு கேட்டையும் செய்கிறது. சரிவுக்குக் குறுக்கே ஓடும் இயந்திரத்தின் பாரம் பள்ளத்துப் பக்கச் சக்கரத்தில் கூடுதலாக விழும். மேட்டில் ஏறும்போது சக்கரம் சறுக்கிச் சுழன்று மண்ணைத் தேய்க்கும்.

"சின்ன மெசின்தானே" என்ற நினைப்பு

மேல்மண்ணை இறுக்குவது பெரும்பாலும் அழுத்தம். அதாவது பாரம் எவ்வளவு சிறிய இடத்தில் குவிகிறது என்பது. டயருக்குள் காற்று எவ்வளவு இறுக்கமாக இருக்கிறதோ, ஏறக்குறைய அவ்வளவு அழுத்தம் மண்ணிலும் விழும். வீதிக்கு அடித்த காற்றோடு ட்ரக்டர் நிலத்தில் இறங்குவது அதனால்தான் கேடு. ஆழத்து மண்ணை இறுக்குவதோ மொத்தப் பாரம். அகலமான டயர் போட்டாலும், அச்சில் இருக்கும் பாரம் குறையாவிட்டால் அடிமண் தப்பாது. மரக்கறி மூட்டை ஏற்ற லொறியை நிலத்துக்குள்ளேயே கொண்டுவரும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. நானாக இருந்தால் எவ்வளவு தூரமானாலும் தலையில் சுமந்து வீதியில் ஏற்றுவேன்.

லேண்ட்மாஸ்டர் பாரம் குறைந்தது, உண்மை. ஆனால் அதன் கேடு சக்கரத்தை விட கத்தியில் இருக்கிறது. சுழலும் கத்திகள் ஒவ்வொரு போகமும் அதே ஆழத்தில் மண்ணை அடிக்கின்றன. மண் நடு ஈரத்திலோ அதற்கு மேலோ இருந்தால், கத்தி எட்டும் எல்லையில் மண் வெட்டுப்படாமல் தேய்ந்து மெழுகப்படும். மேலே பூப்போல உதிரி, அடியில் மெழுகிய தரை. அந்த மெழுகிய அடுக்குக்கு உழவுத் தட்டு என்று பெயர். எங்கள் கட்டிகளின் அடியில் பார்த்த பளபளப்பு அதுதான். நல்ல உழவு என்று நாங்கள் நினைத்தது, கரட் முட்டி நிற்கப்போகும் தரை உருவான அடையாளம்.

வயலில் இதே தட்டு வரம். நெல்லுக்குத் தண்ணீர் நிற்க வேண்டும், அதற்காகவே சேறு கலக்கி அடித்தட்டை இறுக்குகிறோம். வெலிமடைப் பக்கத்தில் பெரும்போகத்தில் நெல்லும் சிறுபோகத்தில் உருளைக்கிழங்கும் ஒரே வயலில் செய்கிறவர்களின் சங்கடம் இங்கேதான் இருக்கிறது. நெல்லுக்கு வேண்டிய தரை கிழங்குக்கு எதிரி. அவர்கள் உயரமாகப் பாத்தி எழுப்பி, ஆழமாகக் கான் எடுப்பது சும்மா வழக்கத்துக்காக இல்லை. தட்டை உடைக்காமலே கிழங்குக்கு இளகிய மண்ணும் வடிகாலும் தேடிக்கொடுக்கும் வழி அது.

இன்னொரு விஷயம். இளகிய மண்ணில் வரும் இறுக்கத்தில் பெரும்பங்கு முதல் தடவை சக்கரம் ஏறும்போதே வந்துவிடும். ஏற்கெனவே ஓடிய தடத்திலேயே மறுபடி ஓடினால் புதிதாகக் கெடுவது குறைவு. நிலம் முழுக்கக் கோடு போட்டு ஓடுவதை விட, ஒரு தடத்தைப் பலி கொடுத்து மற்றதைக் காப்பாற்றுவது புத்தி. பாத்தியில் கால் வைக்காமல் பாத்திகளுக்கு நடுவே மட்டும் நடக்கச் சொல்லி நம் அம்மாக்கள் அதட்டியதும் இதே கணக்குத்தான்.

உள்ளங்கையில் ஒரு சோதனை

மேல்மண்ணைத் தொட்டுப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். கத்தி இறங்கப்போகும் ஆழத்துக்கு மம்பட்டியால் வெட்டி அந்த அடிமண்ணை எடுங்கள். கைக்குள் வைத்து உருண்டையாக அழுத்தி, கட்டைவிரலால் நெருக்குங்கள். பொலபொலவென்று உடைந்தால் இறக்கலாம். உடையாமல் பள்ளம் விழுந்து நசிந்தால் பொறுக்க வேண்டும்.

சந்தேகம் இருந்தால் அதே மண்ணை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே திரி மாதிரி உருட்டுங்கள். ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் தடிப்புக்கு, அதாவது மெல்லிய முறுக்குத் தடிப்புக்கு, விரிசல் விடாமல் நீண்டு வந்தால் மண் குழைகிற நிலையில் இருக்கிறது, இயந்திரம் வேண்டாம். அந்தத் தடிப்பு வருவதற்கு முன்பே துண்டு துண்டாக உடைந்தால் சரி. திரி உடையத் தொடங்கும் அந்த ஈரநிலைதான் குழைவு எல்லை. ஆய்வுகூடத்திலும் இதைக் கையால் உருட்டித்தான் பார்க்கிறார்கள்.

வாடகை மெசினின் முறை தவறிவிடும் என்ற பயம் எனக்குத் தெரியும். நாங்கள் இப்போது மேட்டுத் தட்டுக்காரரோடு முறையை மாற்றிக்கொள்கிறோம். அவருடைய மண் முதலில் வடியும், எங்களுடையது பிந்தும். இரண்டு வீட்டுக்கும் அது நல்லதாகவே போகிறது.

இறுகிப்போனால் திரும்புமா?

திரும்பும், ஆனால் மெதுவாக. சில நாடுகளில் குளிர்காலத்தில் மண்ணுக்குள் தண்ணீர் உறைந்து விரிந்து இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தும். நுவரெலியாவில் தை மாதத்தில் விழும் உறைபனி புல்நுனியோடு நின்றுவிடும். வேறு சில இடங்களின் கரிசல் மண் காய்ந்து பிளந்து தன்னைத்தானே திறந்துகொள்ளும். நம்முடைய செம்மண் களி அவ்வளவாகச் சுருங்கி விரியாத வகை. ஆக, நமக்கு மிஞ்சுவது வேரும் மண்புழுவும்தான்.

தேயிலைத் தோட்டங்களில் இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. முதிர்ந்த தேயிலையைப் பிடுங்கிய நிலத்தில் உடனே கன்று நடாமல், ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு வரை குவாத்தமாலாப் புல்லோ மானாப் புல்லோ வளர்ப்பார்கள். அந்த வேர்கள் ஆழமாகப் போய், செத்து, மட்கி, வழி திறந்துவிடும். மரக்கறி நிலத்தை அத்தனை காலம் சும்மா விட நம்மால் முடியாதுதான். நாங்கள் தட்டு இருந்த ஆழம் வரைக்கும் கைப்பிடி போட்ட இரும்பு முள்ளால் குத்தினோம். முள்ளு மண்ணைப் புரட்டாது, நெம்பி விரிசல் மட்டும் விடும். ஆனால் அதையும் மண் உதிரும் ஈரத்தில்தான் செய்ய வேண்டும். குழைந்த மண்ணில் குத்தினால் முள்ளு போன ஓட்டையின் சுவரும் மெழுகப்பட்டுவிடும். அதன்பின் மட்கிய எரு போட்டு, இரண்டு போகம் கோவாவும் போஞ்சியும் செய்துவிட்டுத்தான் மறுபடி கரட்டுக்கு வந்தோம்.

உங்கள் நிலத்தில் தட்டு இருக்கிறதா என்று பார்க்க ஒரு குடைக்கம்பி போதும். ஆனால் காய்ந்த நாளில் குத்தினால் எந்த மண்ணும் கம்பியைத் தடுக்கும், ஒன்றும் விளங்காது. நல்ல மழை விட்டு இரண்டாம் நாள் போய், முதலில் யாரும் மிதிக்காத வேலியோரத்தில் குத்துங்கள், பிறகு பாத்தியில் குத்துங்கள். இரண்டு இடத்திலும் ஈரம் ஒன்றாக இருப்பதால், கையில் உணரும் வித்தியாசம் இறுக்கத்தின் வித்தியாசமாகவே இருக்கும். அந்த வருடம் எங்கள் வேலியோரத்தில் கம்பி பிடி வரைக்கும் இறங்கியது. பாத்தியில் நாலு விரலோடு நின்று வளைந்தது. போன மாதம் குத்திப் பார்த்தபோது ஒரு சாணுக்கு மேல் இறங்கிற்று. இன்னும் வேலியோரத்து அளவுக்கு வரவில்லை.